செஞ்சி, மயிலம், விக்கி, கூட இரண்டு பேர்

எங்கள் சொந்தத்தில் எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் என்னைப் பார்த்ததும் யாராவது ஒருவர் பக்கத்து நாற்காலிக்காரரிடம், "பெரியவங்க பேசிக்கினு இருக்கும்போது வாயக் குடுத்துச்சே, அந்தப் பொண்ணு இதான்" என்று என்னை அறிமுகம் செய்துவைப்பார். நான் படித்து முடித்துவிட்டேன், வேலைக்குப் போகிறேன், வண்டி ஓட்டுகிறேன். அறிமுகம் மட்டும் மாறவில்லை. கேட்கும்போதெல்லாம் எனக்கு அதே அளவு கோபம் வருகிறது. நான் வாயைக் கொடுக்கவில்லை. மாமா கேட்டார், நான் பதில் சொன்னேன். அவர் கேட்டது கினி பிக்கைப் பற்றி, நான் சொன்னதும் கினி பிக்கைப் பற்றித்தான். அதில் ஒரு வார்த்தை தப்பு என்று இன்றுவரை யாரும் எடுத்துக்காட்டவில்லை.

அப்போது நான் ஐந்தாம் வகுப்பு. திண்டிவனத்தில் ஒரு மாடி வீட்டில் வாடகைக்கு இருந்தோம். அப்பா தனியார் பஸ்ஸில் கண்டக்டர். விழுப்புரம் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் கலர் மீன் விற்கும் கடை ஒன்றில், முயல்குட்டி மாதிரி இருக்கும் வாலில்லாத கினி பிக்கும் விற்றார்கள். அதைப் பார்த்த நாளிலிருந்து இரண்டு வருடம் கெஞ்சியிருக்கிறேன். சாப்பிடாமல் இருந்து பார்த்தேன், நன்றாகச் சாப்பிட்டும் பார்த்தேன். கடைசியில் கடைக்காரர் பழகிய முகத்துக்காக விலையைக் குறைத்துக் கொடுத்தபோதுதான் அப்பா மூன்றை அட்டைப் பெட்டியில் வைத்து, டிரைவர் சீட்டுக்குப் பின்னால் பத்திரமாக வைத்துக்கொண்டு வந்தார். மூன்றும் பெண். அப்பா ஓடிய ரூட்டுகளில் எனக்குப் பிடித்த ஊர்களைப் பெயராக வைத்தேன். செஞ்சி, மயிலம், விக்கிரவாண்டி. கடைசிப் பெயர் கூப்பிட நீளமாக இருந்ததால் அது விக்கி ஆனது.

வீட்டில் எல்லோரும் அவற்றை எலி என்றார்கள். கினி பிக் என்று எத்தனை முறை திருத்தினாலும், "சரி, அந்த எலிங்களுக்குத் தண்ணி வச்சியா?" என்றுதான் அம்மா கேட்பாள். பழைய கட்டில் சட்டத்தில் கோழி வலை அடித்து பால்கனியில் அப்பா பெரிய கூண்டு கட்டித் தந்திருந்தார். காய்கறிக் கடையில் கழித்துப்போடும் கொத்தமல்லித் தண்டு, அருகம்புல், அறுவடைக் காலத்தில் நாங்கள் மல்லாட்டை என்று சொல்லும் வேர்க்கடலையின் காய்ந்த கொடி, இதுதான் சாப்பாடு. பிளாஸ்டிக் பை சரசரத்தால் போதும், மூன்றும் வீக் வீக் என்று ஊரையே கூட்டிவிடும். செஞ்சிதான் அதிகாரி. அது சாப்பிட்டு நகர்ந்த பிறகுதான் மற்ற இரண்டும் வாய் வைக்கும்.

இப்படி ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்த இடத்தில்தான் விழுப்புரத்திலிருந்து சித்தி வந்தாள். அம்மாவின் தங்கை. அப்பாவின் பஸ்ஸிலேயே ஒரு சாயங்கால டிரிப்பில் வந்தாள். கையில் ஒரு டிராவல் பேக், பின்னால் பள்ளிக்கூடப் பையோடு அவள் பெண், அந்தப் பெண்ணின் கையில் துண்டு போட்டு மூடிய ஒரு கூண்டு. கூண்டுக்குள் இரண்டு கினி பிக். சித்தியின் இடது புருவத்துக்கு மேல் பிளாஸ்திரி ஒட்டியிருந்தது. யாரும் கேட்பதற்கு முன்பே, "பாத்ரூம்ல வழுக்கி வுழுந்துட்டேன்" என்றாள். எங்கள் பாத்ரூமும் வழுக்கும், பார்த்துப் போங்க சித்தி என்று நான் சொன்னேன். சொல்ல வேண்டியது என் கடமை என்று நினைத்தேன்.

"நாலு நாள் இருந்துட்டுப் போவாங்க" என்றாள் அம்மா. கீழ்வீட்டு அக்காவிடமும் லீவுக்கு வந்திருக்கிறார்கள் என்றே சொன்னாள். அது எந்த லீவு என்று எனக்குப் புரியவில்லை. எனக்குப் பள்ளிக்கூடம் இருந்தது.

நாலு நாள் என்றால் பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் முதல் நாளே ஜன்னலோரத்தில் நான் படுக்கும் இடம் போயிற்று. காற்று வரட்டும் என்று சித்தி பெண்ணுக்குக் கொடுத்தார்கள். அலமாரியில் என் தட்டு போயிற்று. பூப்போட்ட என் டம்ளரில் அவளுக்குப் பால் வந்தது. அவள் என்னைவிட ஒரு வயது பெரியவள், ஆகவே அக்கா என்று கூப்பிட வேண்டும் என்று உத்தரவும் வந்தது. அவள் அம்மா என் அம்மாவுக்குத் தங்கை, அப்படியிருக்க அவள் எப்படி எனக்கு அக்கா ஆவாள் என்று நியாயம் கேட்டேன். என் முதுகில் ஒன்று விழுந்தது.

அக்கா அதிகம் பேசமாட்டாள். பேசிய கொஞ்சமும் என் வயிற்றெரிச்சலைக் கிளப்புவதாக இருந்தது. அவளுடைய கினி பிக்குகளுக்கு ஸ்வீட்டி, ரோஸி என்று பெயர். எத்தனை நாள் கெஞ்சினாய் என்று கேட்டேன். கெஞ்சவே இல்லை என்றாள்.

"ஒரு நாள் அம்மா ஆஸ்பத்திரிக்குப் போய் கட்டு போட்டுக்கினு வந்துச்சி. மறுநாள் அப்பா ஸ்வீட்டிய வாங்கினு வந்தாரு. அப்புறம் இன்னொரு வாட்டி ரோஸி."

"சைக்கிள்?"

"அதுவும் அப்டித்தான்."

எங்கள் வீட்டில் அம்மாவும் அப்பாவும் சண்டை போட்டால் அப்பா கோபித்துக்கொண்டு மொட்டை மாடியில் போய்ப் படுப்பார், காலையில் அம்மா காப்பி கொண்டுபோய்க் கொடுத்துக் கூட்டிவருவாள். எனக்கு ஒரு பென்சில்கூட வந்ததில்லை. சித்தப்பா மாதிரி ஒரு அப்பா நமக்கு வாய்க்கவில்லையே என்று அன்று ராத்திரி உண்மையாகவே வருத்தப்பட்டேன்.

ஸ்வீட்டியும் ரோஸியும் வந்த கூண்டைப் பார்த்தபோது அந்த வருத்தம் கொஞ்சம் குறைந்தது. கிளிக்கூண்டுக்குக் கொஞ்சம் பெரியது, அவ்வளவுதான். ஒரே கதவு, அதுவும் மேல்பக்கம். இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று ஏறித்தான் திரும்ப வேண்டும். நாலு நாள் ஆகி, அதற்கு மேலும் ஆகி, அவர்கள் கிளம்புவதாகத் தெரியவில்லை என்றானதும், அவற்றையும் நம் பெரிய கூண்டிலேயே விட்டுவிடு என்று அம்மா சொன்னாள். ஏதோ இட்லிப் பானையில் இன்னும் இரண்டு இட்லி வைப்பதுபோலச் சொன்னாள். அப்படியெல்லாம் விட முடியாது என்று நான் கூண்டை மறித்துக்கொண்டு நின்றேன். செஞ்சி குதறிவிடும்.

அப்பா மறுநாள் விழுப்புரத்தில் பஸ் நிற்கும் நேரத்தில் அந்த மீன் கடைக்காரரைப் பிடித்து, வீட்டுக்குப் போன் போட்டு அவரிடம் கொடுத்தார். அந்த ஆளுக்குப் பேசக் கிடைத்தால் போதும். இன்னொரு கூண்டும் இரண்டு தண்ணீர் பாட்டிலும் விற்றுவிட வேண்டும் என்ற எண்ணமும் இருந்திருக்கும். ஆனால் சொன்னதை நான் மனப்பாடம் செய்துகொண்டேன். முதலில் பக்கத்துப் பக்கத்தில் தனித்தனிக் கூண்டில் வைத்து, பார்த்துக்கொள்ளலாம், தொட முடியாது என்ற நிலையில் பழக்க வேண்டும். இவர்கள் படுத்த துணியை அவர்களுக்கும், அவர்கள் துணியை இவர்களுக்கும் மாற்றிப் போட வேண்டும். வாசனை பழகும். பிறகு ஒரு நாள், இரண்டு கூட்டத்துக்கும் சொந்தமில்லாத பொது இடத்தில், நிறையத் தழையைப் பரப்பிவைத்து, எல்லாரையும் ஒன்றாக விட வேண்டும். ஒளிந்துகொள்ள வைக்கும் அட்டைப் பெட்டிக்கு இரண்டு வாசல் இருக்க வேண்டும். ஒரே வாசல் என்றால் புதிதாக வந்தது உள்ளே மாட்டிக்கொள்ளும், பெரியது வாசலில் நின்று கடிக்கும்.

இதை நான் எல்லோருக்கும் கேட்கும்படி ஒப்பித்தேன். அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள், காதில் வாங்கவில்லை. சித்திதான் எழுந்துபோய்க் கத்தரிக்கோலை எடுத்துவந்தாள். மிக்ஸி வந்த அட்டைப் பெட்டியில் ஏற்கெனவே நான் ஒரு வாசல் வெட்டி, மேலே ஸ்கெட்ச் பேனாவில் ஓடெல்லாம் வரைந்துவைத்திருந்தேன். என்னை ஒரு வார்த்தை கேட்காமல் அதன் பின்பக்கத்தில் இன்னொரு வாசல் வெட்டினாள். வெட்டியதோடு விடவில்லை. தாராளமாகப் போக வேண்டும் என்று இன்னும் பெரிதாக்கினாள். கையை ஒரு பக்கம் விட்டு மறுபக்கம் எடுத்துப் பார்த்தாள், மறுபடி வெட்டினாள். என் ஓடுகளில் பாதி போயிற்று. நான் அழ ஆரம்பித்ததும் அம்மா வந்து என்னைத்தான் அதட்டினாள்.

எனக்கு அதுவரை சேர்ந்திருந்ததெல்லாம் அப்போது வெடித்தது. "கினி பிக்குக்கு மட்டும் கொஞ்சம் கொஞ்சமா பழக்கணும், எடம் குடுக்கணும், ரெண்டு ரெண்டா எல்லாம் வெக்கணும். என்ன மட்டும் அவ வந்த அன்னிக்கே பக்கத்துல படுக்க வச்சிட்டீங்க. என் டம்ளரக்கூடப் புடுங்கிட்டீங்க" என்றேன்.

"எலியும் நீயும் ஒண்ணா? சும்மா பேஜாரு பண்ணாத" என்றாள் அம்மா. ஆனால் அப்பா கேட்டுக்கொண்டிருந்தார். என்னைச் சமாதானப்படுத்த வேண்டும் என்று தோன்றியிருக்கும். வருகிற ஞாயிற்றுக்கிழமை ஹாலில் கினி பிக்குகளைச் சேர்த்து விடலாம், அன்று பகல் முழுக்க ஹால் உன்னுடையது, யாரும் உள்ளே வரமாட்டோம் என்று வாக்குக் கொடுத்தார். ஹாலில் எந்தக் கினி பிக்கும் இதுவரை கால் வைத்ததில்லை. கடைக்காரர் சொன்ன பொது இடம் அதுதான்.

ஞாயிறு காலையில் நானே தரையைத் துடைத்தேன். சோபாவுக்கு அடியில் புகுந்துவிடாமல் சுற்றிலும் தலையணை அடுக்கினேன். அக்காவும் கூடவே அடுக்கினாள். வெள்ளரிக்காயை வட்டம் வட்டமாக நறுக்கி, கொத்தமல்லியோடு தாம்பாளத்தில் வைத்துக்கொண்டு வந்தால், வாசலில் செருப்புச் சத்தம். முகையூரிலிருந்து பெரிய மாமா வந்துவிட்டார். அம்மாவுக்கும் சித்திக்கும் அண்ணன், சித்தியின் கல்யாணத்தை முன்னே நின்று முடித்துவைத்தவர். கூடச் சித்தப்பா, சித்தப்பாவின் அண்ணன், ஊரில் பேசத் தெரிந்தவர் என்று பெயரெடுத்த இன்னொரு பெரியவர். என் தலையணைகளைக் காலால் ஒதுக்கிவிட்டு நாலு பேரும் ஹாலில் உட்கார்ந்தார்கள்.

அப்பாவைப் பார்த்தேன். கொடுத்த வாக்கு என்ன ஆயிற்று என்று என் பார்வையிலேயே கேட்டேன். அவர் என் பக்கமே திரும்பவில்லை.

அம்மா காப்பி போட்டுக் கொண்டுவந்தாள். ஒருவரும் டம்ளரைத் தொடவில்லை. "நல்ல வார்த்த சொல்லுங்க, அப்புறம் கை நனைக்கிறோம்" என்றார் சித்தப்பாவின் அண்ணன். நல்ல வார்த்தை என்றால் என்னவென்று அம்மா முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. சித்தியின் டிராவல் பேக் அதற்குள் வாசல் பக்கம் வந்து நின்றிருந்தது. மாமாதான் எடுத்துவைக்கச் சொல்லியிருக்க வேண்டும். அப்படியானால் இன்றைக்கே கிளம்புகிறார்கள். என் ஜன்னலோரம் எனக்கு வந்துவிடும். அந்த ஒரு சந்தோஷத்துக்காக ஹால் போனதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம் என்று தோன்றியது. நான் தாம்பாளத்தோடு சமையலறை வாசலில் நின்றுகொண்டிருந்தேன்.

மாமா நிறையப் பேசினார். குடும்பம் என்றால் முன்னே பின்னே இருக்கும், ஆம்பளைக்குக் கோபம் வரும், பொம்பளைதான் அட்ஜஸ்ட் பண்ணிக்கொள்ள வேண்டும், பெண் குழந்தை வேறு இருக்கிறது. சித்தி சுவரோரம் தரையில் உட்கார்ந்து தன் கால் விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள். அக்கா அவள் முதுகுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டிருந்தாள். சித்தப்பா நல்ல பிள்ளையாகக் கையைக் கட்டிக்கொண்டிருந்தார். "இனிமே நடக்காது மச்சான்" என்று ஒரே ஒரு தடவை சொன்னார். நான் அவரைப் பார்த்துச் சிரித்தேன். அவரும் சிரித்தார்.

பேச்சு நின்ற ஒரு நேரத்தில் பால்கனியிலிருந்து ஐந்தும் கத்தின. வெள்ளரிக்காய் வாசனை போயிருக்கும்.

"இன்னா பாப்பா அது, கீச்சு கீச்சுன்னு?" என்றார் மாமா. இறுக்கம் குறையட்டும் என்று கேட்டிருப்பார். அவர் கேட்டார். இதைத்தான் நான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

"கினி பிக் மாமா. அக்காவோடது ரெண்டு, என்னோடது மூணு. இன்னிக்கி ஹால்ல ஒண்ணா சேத்து வுடறதா இருந்துது. நீங்க வந்துட்டீங்க."

"சண்ட போட்டுக்காதா?"

"போடும். பல்ல நறநறன்னு கடிக்கும், தொரத்தும். அதுக்குலாம் நாம நடுவுல போகக் கூடாது. அதுங்களே பாத்துக்கும்."

மாமாவின் முகம் மலர்ந்துவிட்டது. தொடையில் ஒரு தட்டுத் தட்டினார். "கேட்டியாம்மா?" என்று சித்தியிடம் திரும்பினார். "அஞ்சாவது படிக்கிற புள்ள சொல்லுது பாரு. சண்ட போடும், தொரத்தும், அப்புறம் தானா சேந்துக்கும். எலிக்கு இருக்கிற பொறுமகூட நமக்கு இல்லன்னா எப்டி?" பேசத் தெரிந்த பெரியவரும் தலையை ஆட்டினார். சித்தப்பாவின் அண்ணன் காப்பி டம்ளர் பக்கம் கையைக் கொண்டுபோனார்.

எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சமில்லை. முதலாவது, அது எலி இல்லை. இரண்டாவது, நான் சொன்னதில் பாதியை எடுத்துக்கொண்டு மீதியை விட்டுவிட்டார். இப்படிப் பாதியைக் கேட்டுக்கொண்டு போய் யாராவது கினி பிக் வளர்த்தால் அவை செத்துப்போகும். கடைக்காரர் கடைசியாக, மற்ற எதை மறந்தாலும் இதை மறக்காதே என்று சொன்ன விஷயத்துக்கு நான் இன்னும் வரவே இல்லை.

"முழுசா கேளுங்க மாமா" என்றேன். குரல் கொஞ்சம் உயர்ந்துதான் போயிருக்கும். "ரத்தம் வராத வரைக்கும்தான் அது. ரத்தம் வந்துட்டா ஒடனே பிரிச்சிடணும். ஒருவாட்டி ரத்தம் வந்துடுச்சின்னா அப்புறம் சேக்கவே கூடாது. அது நல்லா இருக்குற மாரி இருந்தாலும் அந்தக் கூண்டுல திரும்ப வுடவே கூடாது."

நான் சொன்னதை எல்லோரும் மனதில் வாங்கிக்கொள்கிறார்கள் என்றே நினைத்தேன். சித்தியின் கை புருவத்துக்கு மேலிருந்த பிளாஸ்திரிக்குப் போயிற்று. மாமாவின் பார்வையும் அதன் பின்னாலேயே போயிற்று. சித்தப்பா கட்டியிருந்த கையை அவிழ்த்துவிட்டு எதையோ தேடுவதுபோலச் சட்டைப் பையைத் தடவினார். டம்ளர் பக்கம் போன கை அப்படியே நின்றது.

அடுத்த நொடி அம்மா என் தோளைப் பிடித்து இழுத்தாள். தாம்பாளம் சாய்ந்து வெள்ளரிக்காய் முழுக்கத் தரையில் உருண்டது. "வாய மூடிக்கினு மேல போ" என்றாள். எதற்கு என்று கேட்டேன். தப்பாக என்ன சொன்னேன், கடைக்காரருக்குப் போன் போட்டுக் கேளுங்கள் என்றேன். மாடிப்படி வரை தள்ளிக்கொண்டு வந்தாள். அவள் கண் ஏன் கலங்கியிருந்தது என்று எனக்குத் தெரியவில்லை. இழுபட்டது நான், அழுவது அவளா என்று அதற்கும் கோபப்பட்டேன்.

படியேறும்போது அப்பாவின் குரல் கேட்டது. மாமா இருக்கும் இடத்தில் அப்பா வாய் திறந்து நான் பார்த்ததே இல்லை. "கொழந்த சொன்னதுல இன்னா தப்பு மச்சான்? இருக்கட்டும். ரெண்டு பேரும் இங்கியே இருக்கட்டும்" என்றார். கினி பிக்குகளைத்தான் சொல்கிறார், இப்போதாவது என் பக்கம் பேசினாரே என்று நினைத்துக்கொண்டு மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டி நிழலில் உட்கார்ந்து அழுதேன்.

கொஞ்ச நேரத்தில் நாலு பேரும் தெருவில் இறங்கிப் போவது தெரிந்தது. சித்தி போகவில்லை. படி வழியாக எட்டிப் பார்த்தால், அப்பா வாசலில் இருந்த டிராவல் பேக்கைத் தூக்கிக்கொண்டு உள்ளே போகிறார். என் ஜன்னலோரம் போனது போனதுதான். வாயை மூடிக்கொண்டு நின்றிருந்தால் அது எனக்குத் திரும்பக் கிடைத்திருக்கும் என்று பிறகு பல நாள் நினைத்து நொந்திருக்கிறேன். அக்கா அந்த ஜன்னலோரத்தில் படுத்துத்தான் பிளஸ் டூ வரை படித்தாள். இத்தனைக்கும் அன்று எனக்கு ஒரு நன்றிகூடக் கிடைக்கவில்லை. கிடைத்தது ஆறிப்போன காப்பி. வீணாக்க வேண்டாம் என்று சாயங்காலம் அம்மா சூடாக்கி எனக்கே கொடுத்தாள்.

வெயில் தாழ்ந்ததும் சித்தி மாடிக்கு வந்தாள். பின்னால் அக்கா. இரண்டு நடையாக ஐந்து கினி பிக்குகளையும் கொண்டுவந்து சேர்த்தார்கள். இரண்டு வாசல் பெட்டியும் வந்தது, தரையில் விழுந்த வெள்ளரிக்காய்களைக் கழுவிக் கொண்டுவந்திருந்தாள். "இங்க யாரோட எடமும் இல்லல்ல?" என்று கேட்டாள். இல்லை என்றேன், மூக்கை உறிஞ்சிக்கொண்டே.

விட்டோம். செஞ்சி உடம்பை உப்பிக்கொண்டு பல்லைக் கடித்தது. ஸ்வீட்டியைத் தொட்டியைச் சுற்றித் துரத்தியது. ரோஸி பெட்டிக்குள் ஓடியது, விக்கி அதன் பின்னாலேயே போய் வாசலில் நின்றது. அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள். ரோஸி பின்வாசல் வழியாக வெளியே வந்து, ஒன்றும் நடக்காததுபோல வெள்ளரிக்காயைக் கடித்தது. கொஞ்ச நேரத்தில் மயிலம் வந்து அதே துண்டின் மறுமுனையைக் கடித்தது. ஒரு கீறல் இல்லை. அக்கா என் கையை விடவே இல்லை, நானும் இழுத்துக்கொள்ளவில்லை.

சித்தி என் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். "நெஜமாவே ரத்தம் வந்தா சேக்கக் கூடாதா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"கூடாது சித்தி."

"ஒரே ஒரு வாட்டி வந்தாகூடவா?"

"ஒரு வாட்டி வந்தாகூட. மறுபடி கடிக்கும்."

சித்தி தலையை ஆட்டிக்கொண்டாள். இதே கேள்வியை வேறு மாதிரி இன்னும் ஒருமுறை கேட்டாள், நானும் சலிக்காமல் அதே பதிலைச் சொன்னேன். கினி பிக் விஷயத்தை ஒழுங்காகக் காது கொடுத்துக் கேட்ட ஆள் அந்த வீட்டில் இவள் ஒருத்திதான் என்று எனக்கு ஆறுதலாக இருந்தது. அதே சமயம், இவ்வளவு அக்கறை உள்ளவள் அந்தச் சின்னக் கூண்டிலேயே இத்தனை நாள் ஏன் விட்டுவைத்தாள் என்று அவள்மேல் கோபமாகவும் வந்தது.